மாதக் கல்லும் மணநாள் தகரமும்

1912 ஆகஸ்டில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நகைக்கடைக்காரர்கள் கூடினார்கள். அமெரிக்க தேசியச் சில்லறை நகை வணிகர் சங்கம் கூட்டிய மாநாடு அது. அதில் ஒரு பட்டியல் முடிவானது. ஜனவரியில் பிறந்தவருக்குக் கார்னெட், பிப்ரவரிக்குச் செவ்வந்திக்கல், ஏப்ரலுக்கு வைரம், மே மாதத்துக்கு மரகதம், ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்று பன்னிரண்டு மாதங்களுக்கும் கல்லைப் பிரித்துக் கொடுத்தார்கள். அதுவரை பல பட்டியல்கள் புழக்கத்தில் இருந்தன. ஒரு கடைக்காரர் ஜூன் மாதக் கல் என்று காட்டியதை அடுத்த கடைக்காரர் அதெல்லாம் இல்லை என்று தள்ளிவிட்டால், மோதிரம் வாங்க வந்தவர் இரண்டு கடையையும் விட்டுவிட்டு வீட்டுக்குத்தானே போவார்?

இன்று சென்னை தியாகராய நகரில் ‘பர்த் ஸ்டோன்’ கேட்பவரிடம் நீட்டப்படும் அட்டையும் அந்தப் பட்டியலின் வழிவந்ததுதான். பார்த்தால் பாபிலோன் காலத்துச் சங்கதி போலத் தோன்றும். உண்மையில் வயது நூற்றுச் சொச்சம்.

பட்டியலைச் சற்று உற்றுப் பார்த்தால் வியாபாரியின் கைவரிசை தெரியும். மார்ச், ஜூன், ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் ஆகிய ஐந்து மாதங்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கல் வைத்தார்கள். ஜூனுக்கு முத்து, கூடவே சந்திரகாந்தக்கல். அக்டோபருக்கு ஓபல், கூடவே டூர்மலின். ஓபல் ஆகாது என்ற பயம் 19ஆம் நூற்றாண்டில் மேற்கில் பரவலாக இருந்தது. 1829இல் வால்டர் ஸ்காட் எழுதிய ஒரு நாவல் அந்தப் பயத்தை வளர்த்தது என்பார்கள். பயந்தவர் டூர்மலின் வாங்கிக்கொள்ளலாம். முத்துக்குக் கை எட்டாதவர் சந்திரகாந்தக்கல் வாங்கிக்கொள்ளலாம். கடைக்குள் வந்தவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது.

இந்தப் பட்டியலைக் கண்டு அதிகம் எரிச்சலடைந்தவர், வேடிக்கை என்னவென்றால், நகைத் தொழிலின் உச்சியில் இருந்த ஒருவர். ஜார்ஜ் பிரெடெரிக் குன்ஸ், நியூயார்க் டிஃபனி நிறுவனத்தின் ரத்தின நிபுணர், அதன் துணைத் தலைவர். இளவயதிலேயே டிஃபனிக்கு ஒரு டூர்மலினை விற்றுத் தொழிலுக்குள் நுழைந்தவர். கலிபோர்னியாவில் கிடைத்த ஓர் இளஞ்சிவப்புக் கல்லுக்குக் ‘குன்சைட்’ என்று அவர் பெயரையே வைத்தார்கள். 1913இல் ரத்தினங்களின் கதைகளையும் நம்பிக்கைகளையும் திரட்டிப் பெரிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். அதில் கான்சாஸ் சிட்டி முடிவைப் பிடிபிடியென்று பிடித்தார். சரக்கு எது கையில் இருக்கிறதோ அதற்கேற்ப மாதக் கல்லை மாற்றத் தொடங்கினால், அந்தக் கல்லின் மீது மக்களுக்கு இருக்கும் பிடிப்பே போய்விடும், பிறகு யாரும் வாங்க வரமாட்டார்கள் என்பது அவர் வாதம். அவருடைய கவலை பக்தி சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. நம்பிக்கைதான் இந்தத் தொழிலின் முதல் என்று தெரிந்த வியாபாரியின் கவலையும் அதில் இருந்தது.

குன்ஸ் காப்பாற்ற நினைத்த பழமை எவ்வளவு பழையது? வேர் பைபிளில் இருக்கிறது. யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் ஆரோன் அணிய வேண்டிய மார்ப்பதக்கம் வர்ணிக்கப்படுகிறது. நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று கல், ஒவ்வொரு கல்லிலும் இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தின் பெயர். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் இந்தப் பன்னிரண்டையும் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களோடும் பன்னிரண்டு ராசிகளோடும் பொருத்திப் பார்த்தார். அந்தக் கற்கள் எவை என்பதில் அவருக்கே குழப்பம்: அவர் எழுதிய இரண்டு நூல்களில் இரண்டு வரிசை இருக்கிறது. பிற்பாடு புனித ஜெரோமும் இந்தப் பொருத்தத்தை எடுத்துச் சொன்னார்.

ஆனால் மார்ப்பதக்கத்தில் பன்னிரண்டும் சேர்ந்தே இருந்தன. மாதம் பிறந்தால் அந்தந்த மாதக் கல்லை மாற்றி மாற்றி அணியும் பழக்கமும் ஐரோப்பாவில் இருந்ததாகச் சொல்வார்கள். பன்னிரண்டு கல் வாங்க வசதி வேண்டும். ‘நீ பிறந்த மாதத்துக்கு உன் கல் இது, ஆயுள் முழுக்க இதை அணி’ என்ற வழக்கம் மிகப் பிந்தியது. அது 18ஆம் நூற்றாண்டில் போலந்தில், அங்கே குடியேறிய யூத ரத்தின வணிகர்களிடையே வேர்விட்டது என்பது குன்ஸின் முடிவு. ஜெர்மனியில் அதற்கும் இருநூறு ஆண்டு முன்பே தொடங்கியது என்பாரும் உண்டு. எப்படியானாலும், பன்னிரண்டு கல் விற்க முடியாத வீட்டிலும் ஒரு கல்லை விற்றுவிடலாம் என்ற வழி அப்போது திறந்தது.

1870இல் டிஃபனி ஒரு சிறு பிரசுரத்தில் மாதத்துக்கு ஒன்றாக, யார் எழுதியது என்று தெரியாத சில செய்யுள்களை வெளியிட்டது. அதில் ஜூன் மாதக் கல் அகேட். 42 ஆண்டு கழித்துக் கான்சாஸ் சிட்டியில் அகேட் போய் முத்து வந்தது. முத்து அப்போது எந்த விலைக்கு விற்றது என்று தெரிந்தால் இந்த மாற்றத்தின் ருசி புரியும். 1917இல் நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் ஒரு மாளிகை கைமாறியது. உரிமையாளர் மார்ட்டன் பிளாண்ட். அவர் மனைவி கார்டியே கடையின் இரட்டைச் சர முத்துமாலை ஒன்றின் மேல் ஆசை வைத்திருந்தார். மாலைக்கு மதிப்பு பத்து லட்சம் டாலர். மாலையோடு 100 டாலர் ரொக்கமும் கொடுத்துப் பியேர் கார்டியே மாளிகையை எழுதி வாங்கினார். கார்டியே கடை இன்றும் அங்கேதான் இருக்கிறது. மாலை 1957இல் ஏலத்துக்கு வந்தபோது 1,51,000 டாலர்தான் தேறியது. இடையில் ஜப்பானின் மிகிமோட்டோ வளர்ப்பு முத்தைச் சந்தையில் கொட்டியிருந்தார்.

அந்த உச்ச விலைக் காலத்து இயற்கை முத்துகளில் ஒரு பங்கு நம் கடலிலிருந்து போனது. இலங்கையின் மேற்குக் கரையில், மறிச்சுக்கட்டியில் 1905இல் நடந்த முத்துக்குளிப்பு அக்காலத்தின் மிகப் பெரிய அறுவடைகளில் ஒன்று. மரமும் செடியும் அற்ற மணல் வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே முளைத்தது. தமிழரும் சோனகரும் அரேபியரும் ‘பார்’ எனப்படும் ஒரே முத்துப் படுகையில் மூழ்கினார்கள். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரம் தெரிந்தவர் என்று நம்பப்பட்ட ‘கடல் கட்டி’ இல்லாமல் குளிப்பவர் கடலில் இறங்க மாட்டார். அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்து வைத்திருந்தது. கரைக்கு வந்த சிப்பியைக் கும்பல் கும்பலாக ஏலம் போட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதையா என்று யாருக்கும் தெரியாது. ஏலம் எடுத்தவர் சிப்பியை நாள் கணக்கில் அழுக விட்டு, ஈயும் புழுவும் மொய்க்க, நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூழைக் கழுவிக் கழுவி அடியில் தங்கும் முத்தைப் பொறுக்குவார். அடுத்த ஆண்டே லண்டன் கம்பெனி ஒன்று இந்தப் பார்களை நீண்ட குத்தகைக்கு எடுத்துச் சில ஆண்டுகளில் நொடித்தும் போனது. தூத்துக்குடிப் பக்கம் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளித்தது 1961இல்.

மாதக் கல்லுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு முத்தோடு முடியவில்லை. மார்ச் மாதக் கல்லான அக்வாமரின் பெரில் வகையைச் சேர்ந்தது. ரோமானியர் விரும்பி வாங்கிய பெரில் இந்தியாவிலிருந்து வந்தது என்று பிளினி எழுதிவைத்தார்; அது எடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று காங்கேயம் பக்கத்துப் படியூர். நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தபோது பெரில், படிகம், கார்னீலியன் என்று அறுத்தும் அறுக்காமலும் விட்ட கற்கள் பட்டறைக் கழிவோடு கிடைத்தன. செப்டம்பர் நீலத்துக்கு இலங்கையின் இரத்தினபுரி. வயலில் கிணறு மாதிரிச் செங்குத்தாகக் குழி தோண்டி, பக்கங்களில் மரச் சட்டம் கொடுத்து, தண்ணீரை இறைத்துக்கொண்டே இறங்கினால் ‘இல்லம்’ எனப்படும் கூழாங்கல் படிவு வரும். அதைக் கூடையில் அள்ளி ஆற்று நீரில் சுழற்றிச் சுழற்றி அலசுவார்கள். கனமான கல் அடியில் தங்கும். பிரிட்டிஷ் இளவரசி டயானா அணிந்து, இப்போது அவர் மருமகள் கேத் அணியும் நீலக்கல் மோதிரமும் இலங்கைக் கல்தான்.

ஆனால் கல்லை ஆளோடு பொருத்தும் முறை இங்கே வேறு. நவரத்தினம் நவக்கிரகத்துக்கு உரியது: சூரியனுக்கு மாணிக்கம், சந்திரனுக்கு முத்து, செவ்வாய்க்குப் பவளம், ராகுவுக்குக் கோமேதகம், கேதுவுக்கு வைடூரியம். ஜாதகத்தைப் பார்த்து, எந்தக் கிரகத்துக்கு வலு வேண்டும் என்று கணித்து ஜோசியர் கல்லைச் சொல்வார். அண்ணன் தம்பி ஒரே மாதத்தில் பிறந்திருந்தாலும் ஒரே கல் வராது. அமெரிக்கப் பட்டியலில் பவளத்துக்கும் வைடூரியத்துக்கும் இடமே இல்லை. இன்று ‘ராசிக்கல்’ என்ற ஒரே பலகையின் கீழ் இரண்டு முறையையும் கலந்து விற்கிறார்கள். கிரகத்துக்கு என்று வந்தவருக்கு மாதக் கல்லையும் மாதத்துக்கு என்று வந்தவருக்குக் கிரகக் கல்லையும் கொடுத்தால் ஜோசியருக்கும் ஆகாது, குன்ஸுக்கும் ஆகாது.

குன்ஸ் அஞ்சியபடியே பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது. 1937இல் பிரிட்டிஷ் பொற்கொல்லர் சங்கம் தன் பட்டியலில் வைரத்துக்குப் பக்கத்தில் படிகத்தையும் மாணிக்கத்துக்குப் பக்கத்தில் கார்னீலியனையும் வைத்தது. ஜப்பானியர் 1958இல் மார்ச்சுக்குப் பவளத்தையும் மே மாதத்துக்கு ஜேடையும் சேர்த்தார்கள். அமெரிக்காவில் பெரிய திருத்தம் 1952இல். ஜூனுக்கு அலெக்ஸாண்ட்ரைட் மூன்றாவது கல்லாக வந்தது. டிசம்பரிலிருந்து லாபிஸ் லாஜூலியை நீக்கிவிட்டுச் சிர்கானை வைத்தார்கள். அந்தக் காலத்தில் கடைகளில் மின்னிய நீலச் சிர்கான், தாய்லாந்து, இந்தோசீனப் பகுதிகளின் பழுப்புக் கல்லைச் சூடேற்றி நிறம் மாற்றியது. நவம்பருக்கு டோபாஸோடு சிட்ரின் சேர்ந்தது. சந்தையில் கிடைக்கும் சிட்ரினில் பெரும்பகுதி, செவ்வந்திக்கல்லை உலையில் சுட்டு மஞ்சளாக்கியது. அதாவது பிப்ரவரிக் கல்லை வறுத்தால் நவம்பர்க் கல்!

2002இல் டிசம்பருக்கு டான்சனைட். தான்சானியாவில் மெரெலானிக் குன்றுகளில் 1967இல் வெளிப்பட்ட கல் அது; பெயர் வைத்து விற்பனையைத் தொடங்கியது டிஃபனி. ஆரோனுக்கும் யோசேப்பஸுக்கும் மட்டுமில்லை, குன்ஸுக்கே தெரியாத கல் முப்பத்தைந்தே ஆண்டில் ‘மரபு’ ஆகிவிட்டது. 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பினல் வந்ததைக் குறை சொல்ல முடியாது. பல நூற்றாண்டு மாணிக்கம் என்று மயங்கவைத்த கல் அது. பிரிட்டிஷ் அரசு மகுடத்தின் முன்புறத்தில் ‘கருப்பு இளவரசரின் மாணிக்கம்’ என்று பதித்திருப்பது ஸ்பினல்தான்.

திருமண நாள் பரிசுகளின் கதையும் இதே பாதையில் நடந்தது, ஆனால் தொடக்கம் கடையில் இல்லை. ஜெர்மன் நாடுகளில் 25 ஆண்டு சேர்ந்து வாழ்ந்த மனைவிக்கு உற்றாரும் ஊராரும் வெள்ளி மலர்வளையம் சூட்டுவார்கள். 50 ஆண்டு ஆனால் பொன் வளையம். கூடி மகிழ்வதுதான் இதில் முக்கியம். மியூனிக் நகரத்தின் அக்டோபர்ஃபெஸ்ட் 1810இல் பவேரிய இளவரசர் லுட்விக், தெரேசா திருமணத்தோடு பிறந்தது. 1835இல் அதே தம்பதியின் வெள்ளி மணநாளுக்காக முதன்முதலாக அங்கே நாட்டுப்புற உடை ஊர்வலம் போனது.

அமெரிக்கா போனதும் இந்த வழக்கம் கேலியும் கூத்துமாக மாறியது. பத்தாவது ஆண்டுக்குத் தகரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தகரக் கல்யாண விருந்துக்கு நண்பர்கள் தகரத்தில் பொருள் செய்து கொண்டுவருவார்கள். பலவும் உபயோகத்துக்கு இல்லை, வேடிக்கைக்கு. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தில் அப்படிப்பட்ட சில பொருள்கள் இருக்கின்றன. கணவருக்கு மிடுக்கான ஒரு தகரத் தொப்பி, கூடவே தகர மூக்குக்கண்ணாடி. மனைவிக்குத் தகரத் தலைக்கவசம் போன்ற பானெட், அதன் ஓரத்தில் தகரப் பட்டையைச் சுருட்டிச் செய்த சுருள்முடி. ஊர்த் தகர வேலைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து இந்தச் சுருளைச் சுற்றியிருக்கிறார். பத்து ஆண்டு குடித்தனம் நடத்திய இருவரைப் பார்த்து ஊரே சிரித்த சிரிப்பு அதில் இருக்கிறது. பரிசு என்ற பெயரில் பிறகு வந்த எதிலும் இந்தக் கலகலப்பு இல்லை.

1922இல் எமிலி போஸ்ட் எழுதிய புகழ்பெற்ற நடத்தை நூலில் பரிசுப் பொருள் குறித்த ஆண்டுகள் எட்டுதான். முதல் ஆண்டுக்குக் காகிதம், ஐந்துக்கு மரம், பத்துக்குத் தகரம், 15க்குப் படிகக் கண்ணாடி, 20க்குப் பீங்கான், பிறகு வெள்ளி, பொன், வைரம். 1937இல், மாதக் கல்லைப் பிரித்துக் கொடுத்த அதே சங்கம், இடைவெளிகளை நிரப்பியது. 30க்கு முத்து, 35க்குப் பவளம், 40க்கு மாணிக்கம், 45க்கு நீலம், 55க்கு மரகதம். வெற்றிடம் எங்கெங்கே இருந்ததோ அங்கெல்லாம் நகைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. சிகாகோ பொது நூலகத்தின் நூலகர்கள் தொகுத்ததாகச் சொல்லப்படும் ‘நவீன’ பட்டியலில் நான்காம் ஆண்டுக்கு மின்சாதனம், ஏழாம் ஆண்டுக்கு மேசைமேல் பேனா செட். பத்தாம் ஆண்டுக்கு வைர நகை! தகரத் தொப்பியிலிருந்து வைரத்துக்கு ஒரே தாவல்.

வைர வியாபாரம் இதில் சும்மா இருக்கவில்லை. டி பீர்ஸ் கம்பெனிக்காக 1947இல் விளம்பர எழுத்தாளர் பிரான்சஸ் ஜெரட்டி வைரம் அழியாதது என்ற வாசகத்தை எழுதிக் கொடுத்தார். அது கல்யாணத்துக்கு முந்தின மோதிரத்துக்கு. 1950களில் சைபீரியாவில் வைரம் அகப்பட்டது. சோவியத் வைரங்கள் பெரும்பாலும் பொடிக் கற்கள். அவற்றையும் டி பீர்ஸே வாங்கி விற்க ஒப்பந்தம் போட்டிருந்ததால், பொடிக் கற்களுக்கு ஒரு வழி தேட வேண்டியிருந்தது. சின்னஞ்சிறு வைரங்களைச் சுற்றிலும் பதித்த ‘எடெர்னிட்டி ரிங்’கை 1960களில் டி பீர்ஸ் முன்னிறுத்தியது. மணமாகிப் பல ஆண்டு ஆன மனைவிக்குக் கணவர் மறுபடியும் அன்பைச் சொல்லும் மோதிரம் என்று விளம்பரம் செய்தார்கள். பனிநாட்டுச் சுரங்கத்தில் குவிந்த சரக்கு, நடுத்தர வயதுத் தம்பதிகளின் புதிய சம்பிரதாயம் ஆனது.

வைரத்துக்கு 75ஆம் ஆண்டு என்ற கணக்கு 60க்கு இறங்கியதில் விக்டோரியா ராணிக்குப் பங்கு உண்டு. 1896இல் அவர் மூன்றாம் ஜார்ஜின் ஆட்சிக் காலத்தைத் தாண்டினார். கொண்டாட்டத்தை மறு ஆண்டுக்குத் தள்ளச் சொன்னார். 1897இல் 60 ஆண்டு ஆட்சி ‘வைர விழா’ என்று பேரரசு முழுக்கக் கொண்டாடப்பட்டது.  அதற்குப் பத்தாண்டு முந்திய பொன் விழாவின் நினைவாகச் சென்னையில் விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. சென்ட்ரல் பக்கம் போகிறவர்கள் அந்தச் சிவப்புக் கட்டடத்தை இன்றும் பார்க்கலாம்.

வெள்ளி, பொன், வைரம் என்ற கணக்கு அப்படித்தான் தமிழுக்குள் நடமாடத் தொடங்கியது. வந்தபின் தமிழர்கள் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். 25 ஆண்டு எல்லாம் காத்திருக்காமல் 25 வாரம் ஓடிய சினிமாவுக்கே வெள்ளி விழா எடுத்தார்கள். ஒருவருக்கு 60 வயது நிறைந்தால் மணிவிழா. மேற்கத்தியப் பட்டியலில் 35இல் நிற்கும் பவளம் இங்கே 75க்கு ஏறிவிட்டது. முரசொலி நாளிதழ் 2017இல் கொண்டாடியது பவள விழா. இதற்கு எந்த நகைக்கடைச் சங்கமும் தீர்மானம் போட்டதாகத் தெரியவில்லை.

நம் பழைய கொண்டாட்டமோ மணநாளைக் கணக்கில் எடுப்பதே இல்லை. திருக்கடையூரில் தினம் தினம் நடக்கும் சஷ்டியப்த பூர்த்தியில் மறுபடி தாலி கட்டுகிறார்கள் என்றாலும் கணக்கு கணவரின் வயது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுற்று முடிந்து அவர் பிறந்த ஆண்டின் பெயர் திரும்பி வருவதுதான் விசேஷம். எழுபதில் பீமரத சாந்தி, ஆயிரம் பிறை கண்டவருக்குச் சதாபிஷேகம். மனைவிக்கு எத்தனை வயது, கல்யாணமாகி எத்தனை ஆண்டு என்று சடங்கு கேட்பதில்லை. அந்த வகையில் ஜெர்மன் கிராமத்தின் வெள்ளி வளையம் மனைவியின் தலையில் ஏறியது கூடுதல் நியாயமாகத்தான் படுகிறது.

ஆகவே, பிறந்த மாதத்துக்கு என்றோ மணநாளுக்கு என்றோ கல் வாங்கப் போகிறவர்கள் பட்டியலுக்குப் பயந்து கையிருப்பைக் கரைக்க வேண்டியதில்லை. பிடித்த கல்லை வாங்கலாம். கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கல் இயற்கையா, செயற்கையா? சூடேற்றியதா? ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழ் உண்டா? திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள்? பதிலை வாயால் வாங்காமல் பில்லில் எழுதி வாங்குங்கள்.